கன்னியாகுமரியோடு திரும்பிவிடாதீர்கள்: குளச்சல், முட்டம் வரை ஒரு நாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இந்தியாவுக்குப் புறப்படும் குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். திருச்சியில் இறங்குவது, சமயபுரம், தஞ்சாவூர், பழனி, மதுரை, கடைசியில் துணிக்கடை. கன்னியாகுமரிக்கு அரை நாள் கிடைத்தால் பெரிது. சூரிய உதயம் பார்த்து, வள்ளுவர் சிலையோடு படம் எடுத்து, மறுபடி வேனில் ஏறிவிடுவார்கள். அந்த அரை நாளை முழு நாளாக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறித்தான் மலாயாவுக்கு வந்தார்கள். தாயகம் போகும் நாமோ கோயிலைப் பார்க்கிறோம், கடைத்தெருவைப் பார்க்கிறோம், கடலோடு வாழ்ந்தவர்களின் ஊர்களை மட்டும் விட்டுவிடுகிறோம். குமரி மாவட்டத்துக் கரையில் பேராக், மலாக்கா சரித்திரத்தோடு நேராகத் தொடர்புள்ள ஓர் இடமே இருக்கிறது.

முதலில் காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குமரிக்கு வருவார்கள். அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகுச் சவாரி எந்த நேரமும் நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். இந்தக் கரையோர ஊர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், அன்று கடலுக்குப் போகமாட்டார்கள், மீன் ஏலம் பார்க்க முடியாது. மீன்பிடித் தடைக்காலமும் கவனத்தில் இருக்கட்டும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடை: குமரிக்குப் பக்கத்துச் சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒன்று கிழக்குக் கடற்கரைக் கணக்கு, மற்றது மேற்கு.

கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து குமரிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இ-விசாவைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். ஒரு நாள் சுற்றுக்குக் கார்தான் வசதி. வாடகை பேசும்போதே எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா (அன்றைய படி) எவ்வளவு, பார்க்கிங் யார் பொறுப்பு என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். நான் சொல்லும் வழி போகவர நூறு கிலோமீட்டரைச் சுற்றித்தான் வரும். கரையோர ஊர்களில் சில்லறை நோட்டு கையில் இருப்பது நல்லது.

உதயம் பார்த்ததும் பசியாறிவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் படகு வரிசையில் நின்றுவிடுங்கள். வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. மேலே 95 அடிச் சிலை, பொருளும் இன்பமும் சேர்ந்தது. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய கொண்டாட்டம்.

குமரியம்மன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கமென்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்து வைத்திருப்பதாகவும் ஊரார் சொல்வார்கள். குமரி முனையும் துறைமுகமும் முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் கையேட்டிலேயே பதிவாகியிருக்கின்றன. கரையில் நின்று அந்தப் பாறைகளைப் பார்த்தால், மூக்குத்திக் கதை மாலுமிகளின் பயத்திலிருந்து பிறந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பத்து மணிக்குள் குமரியை விட்டுக் கிளம்புங்கள். நாகர்கோவில் வழியாகத் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டைக்குப் போக வேண்டும். பலர் அருகிலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். (அரண்மனை திங்கட்கிழமை திறக்காது.) கோட்டைக்குள் மரங்களுக்கு நடுவே கூரையில்லாத ஒரு சிற்றாலயம். உள்ளே தரையில் ஒரு கல்லறை. கல்லில் லத்தீன், அதோடு தமிழ். குனிந்து நிதானமாகப் பாருங்கள். 1777இல் இறந்த டிலனாய் அங்கே கிடக்கிறார்.

யார் இந்த டிலனாய்? டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர். அன்று இந்தக் கரை திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது. அந்நாட்டு மிளகு யாருக்கு என்ற சண்டையில் கம்பெனிப் படை குளச்சலில் இறங்கியது. 1741 ஆகஸ்ட் 10 அன்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அதை முறியடித்தது. பிடிபட்ட டிலனாயை மன்னர் கொல்லவில்லை, தம் படையைப் பழக்கும் பொறுப்பைக் கொடுத்தார். சாகும்வரை 36 ஆண்டுகள் அவர் திருவிதாங்கூருக்கே உழைத்தார். குமரிக்குப் பக்கத்து வட்டக்கோட்டையைக் கட்டியதிலும் அவர் கை உண்டு.

இந்தக் கம்பெனி நமக்குப் புதிதல்ல. மலாக்காவில் சிவப்புக் கட்டடம் கட்டியவர்கள் இவர்கள்தாம். போர்த்துக்கீசியரிடமிருந்து அந்நகரைப் பிடித்தது 1641இல். பங்கோர் தீவில் நம் பேராக் ஈயத்தைச் சேர்த்து வைக்கக் கோட்டை கட்டியதும் இவர்களே. அங்கே ஈயம், இங்கே மிளகு. மலாக்காவை எடுத்து நூறு ஆண்டு ஆனபோது, தமிழும் மலையாளமும் பேசும் இந்தக் கரையில் அவர்கள் தோற்றார்கள். பங்கோருக்குப் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகளிடம் குளச்சலில் நின்று இதைச் சொல்லுங்கள், சரித்திரப் பாடம் சட்டென்று உயிர் பெறும்.

குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில் வெற்றித் தூண் நிற்கிறது. மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, துப்பாக்கிப் படை என்று டச்சுக்காரரை மிரள வைத்த கதையை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். 2004 ஆழிப்பேரலையில் இவ்வூர் கொடுத்த உயிர்கள் மிக அதிகம். அதே நாளில் அதே அலை கெடாவின் கோலா மூடாவையும் அடித்தது. நினைவிடத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சிவப்பரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும். மரச்சீனிக்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் தோட்டத்தில் நம் ஆட்களின் உயிரைப் பிடித்து வைத்த அதே கிழங்குதான்.

திரும்பும் வழியில் மண்டைக்காடு பகவதி அம்மன். புற்றே அங்கு அம்மன். நம் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை.

நாலரைக்கு முட்டத்தில் இருக்கப் பாருங்கள். பழைய திரைப்படங்களில் பார்த்த பாறைகள் இவை. கரையில் எங்காவது கட்டுமரம் கிடந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆணி கிடையாது. மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், நீர் மேலேறினாலும் இடுக்கு வழியே வடிந்துவிடும். இப்போது ஃபைபர் வள்ளங்களே அதிகம். ஏலம் நடந்தால் ஓரமாக நின்று பாருங்கள். மணலில் கொட்டிய நெத்திலியைச் சுற்றிப் பெண்கள் குனிந்து நிற்க, ஏலக்காரர் விலையைப் பாட்டுபோல ஏற்றிக்கொண்டே போவார். படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள், அது அவர்கள் பிழைப்பு.

முட்டத்தில் கடலில் இறங்கவே கூடாது. பாறையடியில் ஆழமும் இழுப்பும் அதிகம், பாசி வழுக்கும். அலை அமைதியாகத் தெரியும்போது திடீரென்று ஒரு பெரிய அலை ஏறி ஆளை இழுத்துக்கொள்ளும். எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சிலிப்பர் வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். பெரியவர்களைப் பாறைக்கு அழைத்துப் போகாமல் மேலே கலங்கரை விளக்கத்துப் பக்கம் உட்கார வையுங்கள், அங்கிருந்தே சூரியன் இறங்குவது நன்றாகத் தெரியும். விளக்கத்தின் மேலே ஏற விரும்பினால் அனுமதி நேரத்தை மதியமே டிரைவரிடம் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் விமானம் என்றால் குமரிக்குத் திரும்ப வேண்டாம். பெட்டியைக் காலையிலேயே காரில் ஏற்றிக்கொண்டு, முட்டத்திலிருந்து நேராகத் திருவனந்தபுரம் போய்விடலாம். அந்தச் சாலையில் மாலை நெரிசல் உண்டு, மூன்று மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.