'தமிழ்' என்றால் 15 பைட்: வலைச் செயலியில் எழுத்து உடையாமல் இருக்க

படிவத்தில் 'தமிழ்' என்று தட்டிச் சேமிக்கிறீர்கள். திரும்பத் திறந்தால் ஐந்து கேள்விக்குறிகள். இல்லையென்றால், தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று ஏதேதோ வரிசையாக நிற்கிறது. இரண்டும் ஒரே கோளாறு இல்லை. இரண்டாவதில் பெரும்பாலும் எழுத்தை மீட்டுவிடலாம். தரவுத்தளத்துக்குள்ளேயே கேள்விக்குறி பதிவாகிவிட்டால் எழுத்து போனது போனதுதான்.

எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் (அதாவது குறியாக்கம் செய்யும்) யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், ஆக 15 பைட். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

முதலில் எடிட்டர். கோப்புகளை யூடிஎஃப்-8 ஆக, பிஓஎம் என்ற தொடக்க அடையாளம் இல்லாமல் சேமியுங்கள். கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டும் அந்த 3 பைட், பிஎச்பி நிரலில், பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரியான ஹெடரை அனுப்பும்போது தொல்லை தரும்.

அடுத்து பக்கம். சார்செட், அதாவது எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் மெட்டா குறி, ஹெச்டிஎம்எல் கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெடரில் வேறு சார்செட் இருந்தால் பிரவுசர் அதைத்தான் நம்பும். அதனால் இரண்டிலும் யூடிஎஃப்-8 என்றே இருக்கட்டும்.

தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால், அதன் அட்டவணைக்கு 'யூடிஎஃப்8எம்பி4' வையுங்கள். வெறும் 'யூடிஎஃப்8' என்றால் அங்கே அதிகபட்சம் 3 பைட். தமிழ் அதில் அடங்கிவிடுவதால் குறை தெரியாது. 4 பைட் இமோஜி ஒன்று வரும் நாளில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அட்டவணை சரி, பக்கம் சரி. ஆனால் நடுவில் உள்ள இணைப்பு, வருவது லத்தீன்1 (எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய குறியாக்கம்) என்று நினைத்துக்கொண்டால், வந்த 15 பைட்டையும் 15 தனி எழுத்துகளாக எடுத்து இன்னொரு முறை குறியாக்கம் செய்துவிடும். இணைப்பைத் திறக்கும் வரியிலேயே யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிவிடுங்கள்.

சரி, சோதிப்போம். படிவம் வழியாக 'தமிழ்' என்று சேமித்து, தரவுத்தளத்தில் பைட் எண்ணிக்கை சொல்லும் லெங்த் செயல்கூறால் அந்தப் புலத்தை அளந்து பாருங்கள். 15 வந்தால் எழுத்து ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. 30 வந்தால் இரட்டைக் குறியாக்கம். 5 வந்தால் கேள்விக்குறிகள். திரையை நம்பாமல் இந்த எண்ணை நம்புங்கள். உள்ளே தப்பாகப் பதிந்தது, அதே தப்பு இணைப்பு வழியாகத் திரும்பி வரும்போது திரையில் சரியாகவே தெரியும்.

30 வந்த அட்டவணையில் அவசரப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். முழு நகல் ஒன்று எடுத்துவிட்டு, திருத்தத்தை அந்த நகலில் முதலில் செய்து பாருங்கள்.