பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரிக்கரையில் அடுக்குமாடி எழுகிறது. உள்ளாட்சி அனுமதி தந்தாயிற்று, சுற்றுச்சூழல் அனுமதியும் வந்தாயிற்று. ஊரே கொதித்துப்போய், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுகிறது. ஏரியைப் பற்றி ஒரு சொல் பேசுமுன்பே மனு தள்ளுபடி. பக்க எண் மாறியிருந்தால் பதிவகம் திருப்பித் தரும், சரிசெய்யலாம். கீழே உள்ளவை அப்படிப்பட்டவை அல்ல.

மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க, தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, 16-ஆம் பிரிவு தருவது 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 91-ஆம் நாள் தீர்ப்பாயமே விரும்பினாலும் ஏற்க முடியாது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அத்தோடு முடிந்தது.

அந்த 90 நாள் எங்கே போகிறது? திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு. பதில் இல்லை என்றதும் முதல்வர் தனிப்பிரிவுக்கு இன்னொன்று. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணம் கேட்டு ஒரு மாதம், வராததால் அங்கே ஒரு மேல்முறையீடு. இவற்றில் எதுவும் கெடுவை நிறுத்தாது. நீர்ப்பரப்பு வரைபடம் முதல் கிணற்று நீர்ச் சோதனை வரை அருமையாகத் தொகுத்த மனு 95-ஆம் நாளில் வந்து நிற்பது பொறுக்கவே முடியாத இழப்பு.

கெடு, அனுமதி தெரிவிக்கப்பட்ட நாளில் தொடங்குகிறது. கட்டுநர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் 30 நாள் ஒட்டியிருக்க வேண்டும். அரசின் பரிவேஷ் தளத்திலும் ஏற வேண்டும். இவற்றில் எது முந்தியதோ அதிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். இருக்கும் ஆவணத்தோடு தாக்கல் செய்துவிட்டு, மீதியைக் கூடுதல் ஆவணமாகப் பிறகு கொடுங்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான்.

அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஆறு மாதக் கெடு இருக்கிறதே என்று அங்கே ஒதுங்காதீர்கள். அனுமதியையே ரத்து செய்யக் கேட்கும் மனு அந்தப் பிரிவில் நிற்காது.

வேறு உத்தரவை எதிர்ப்பது

தீர்ப்பாயச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏழு சட்டங்கள் உண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 அவற்றில் இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தின்கீழ் தரப்படும் திட்ட அனுமதியை மட்டும் எதிர்ப்பதற்குத் தீர்ப்பாயம் இடமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அமைக்கவும் இயக்கவும் அது தரும் ஒப்புதல்) என்றால் முதலில் மேல்முறையீட்டு ஆணையம், அதன்பிறகே தீர்ப்பாயம்.

பரப்பைக் குறைத்துக் கணக்கிடுவது

கட்டடத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் அளவு 20,000 சதுர மீட்டர். எஃப்எஸ்ஐ (மனைப் பரப்புக்கு ஏற்ப அனுமதிக்கும் தளப் பரப்பு) கணக்கில் வரும் 17,500-ஐப் பார்த்து "அனுமதியே தேவையில்லை" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 2011 திருத்தப்படி அடித்தளமும் சேவைப் பகுதிகளும் சேர்த்தே கட்டடப் பரப்பு. இரண்டு அடித்தள வாகன நிறுத்தம் 4,000 என்றால் மொத்தம் 21,500. வரைபடத்தை மாடி மாடியாகக் கூட்டிப் பாருங்கள்.

கட்டுநரை எதிர்மனுதாரராகச் சேர்க்காதது

சேர்த்துவிடுங்கள்.

இடைக்காலத் தடை கேட்காதது

மேல்முறையீடு தாக்கலானதால் மட்டும் வேலை நிற்காது. தடை கோரும் மனுவையும் கூடவே போடுங்கள். தேதியிட்ட படங்களை இணையுங்கள். கூரை போட்ட கட்டடத்தை நிறுத்துவதைவிடத் தோண்டிய பள்ளத்தை நிறுத்துவது எளிது.