13பி ரோட்டரி என்ஜினில் சக்தியைக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தம் வீட்டுப் பட்டறையிலேயே விமானம் கட்டுவோரில் சிலர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி என்ஜினை அதில் பொருத்துகிறார்கள். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும், வால்வும் இல்லாத, 1308 சிசி அளவே உள்ள இந்தச் சிறிய என்ஜினிலிருந்து இன்னும் கொஞ்சம் சக்தி எடுக்கலாம் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. அந்த ஆசையில் முதலில் மறக்கப்படுவது வெப்பம்.

காரில் முழு சக்தியும் சில விநாடிகளுக்குத்தான் தேவைப்படும். விமானமோ மேலேறும்போது பல நிமிடங்கள் முழு த்ராட்டிலில் ஓடும். அப்போது வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குள் புகும் காற்றும் குறைவு. மேலும், இந்த என்ஜினின் ரோட்டர்களை உள்ளிருந்து குளிர்விப்பது ஆயில்தான். வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது சுமந்து செல்வதால், பெரிய ரேடியேட்டர் வைத்துவிட்டு ஆயில் கூலரைச் சிறியதாக விடுவது பெரும் பிழை. சூடு மீறினால் ரோட்டரைச் சுற்றியுள்ள அலுமினிய ஹவுசிங்கும் இரும்புப் பக்கத்தகடுகளும் வெவ்வேறு அளவில் விரிந்து, இடையிலுள்ள ரப்பர் சீல் கெட்டு, குளிர்விக்கும் நீர் எரியறைக்குள் கசியத் தொடங்கும். காற்று உள்ளே வரும் வழியை அழகாகச் செய்துவிட்டு, வெளியேறும் வழியைக் குறுக்கிவிடுவோரும் உண்டு.

அடுத்தது கியர் விகிதம், அதாவது என்ஜினின் சுழற்சியை எத்தனை மடங்கு குறைத்துப் புரொப்பெல்லருக்குத் தருகிறோம் என்பது. காற்றும் புகையும் போய்வரும் துளையான போர்ட்டை அகலப்படுத்தினால் கூடுதல் சக்தி உயர்ந்த சுழற்சியில்தான் கிடைக்கும். 6000 ஆர்பிஎம்முக்கு ஏற்ற 2.17 விகித கியர்பாக்ஸை வைத்துக்கொண்டே 7500 வரை ஓட்டினால், புரொப்பெல்லர் 3456 ஆர்பிஎம்மில் சுழலும். 72 அங்குல புரொப்பெல்லரின் நுனி அப்போது ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுவதால், கூட்டிய சக்தி இழுவிசையாக மாறாமல் இரைச்சலாகவே போய்விடும். 2.85 விகிதத்தில் அதே 7500, சுமார் 2630 ஆகக் குறையும். ஆகவே போர்ட்டில் கைவைக்கும் முன்பே கியர்பாக்ஸைத் தீர்மானித்துவிட வேண்டும். (ஹவுசிங்கின் சுற்றுச்சுவரிலேயே துளையிடும் பெரிபெரல் போர்ட்டால் ஐட்லிங் கரடுமுரடாகும் என்பது காருக்குத்தான் பெருங்குறை, விமானத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.)

என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை வைப்போர், பூஸ்ட் எனும் அந்த அழுத்தத்தை மட்டும் ஏற்றி, எரிபொருள் கலவையையும் பற்றவைக்கும் நேரத்தையும் திருத்தாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கலவை சீராக எரியாமல் ஒரேயடியாக வெடித்தால், ரோட்டரின் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் எனும் அடைப்புப் பட்டை முறியும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் பட்டையின் துண்டு, ஹவுசிங்கின் உட்சுவரைக் கீறிக்கொண்டே எக்ஸாஸ்ட் வழியாகப் பாய்ந்து டர்போவின் டர்பைன் இதழ்களில் மோதும். ஒரே நொடியில் என்ஜினும் டர்போவும் பாழாகும்.

எரியறைக்குள் சிறிதளவு ஆயிலைச் செலுத்தும் ஆயில் மீட்டரிங் பம்பைக் கழற்றிவிடுவோர், பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைத் தவறாமல் கலக்க வேண்டும். அபெக்ஸ் சீலுக்குக் கிடைக்கும் மசகு அது ஒன்றுதான்.