தப்பான பதிலை உடனே திருத்தாதீர்கள், காரணம் கேளுங்கள்

ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று கேட்டால், 'உள்ளே இருக்கிற தண்ணி கசிஞ்சு வருது' என்று சொல்லும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும். நாம் வழக்கமாக என்ன செய்கிறோம், 'இல்லை, காற்றில் உள்ள நீராவி குளிர்ந்து படிகிறது' என்று போர்டில் எழுதிப் போட்டுவிடுகிறோம். பிள்ளையும் நோட்டில் எழுதிக்கொள்ளும், பரீட்சையில் மார்க்கும் வாங்கும், ஆனால் மனசுக்குள் அந்தக் கசிவு அப்படியே இருக்கும்.

அதனால் முதலில், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேளுங்கள். 'எங்க வீட்டு மண்பானை அப்படித்தானே ஈரமா இருக்கு' என்று பதில் வரலாம். மண்பானையில் தண்ணீர் நிஜமாகவே கசிகிறது, கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் அந்தப் பிள்ளை பேசுகிறது, அதை வாய்விட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் காரணம் நிற்குமா என்று பார்க்க ஒரு சோதனை. ஃபுட் கலர் கலந்த தண்ணீரில் ஐஸ் போடலாம், வெளியே படிவது நிறமில்லாத தண்ணீர்தான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை 'கலர் உள்ளேயே நின்னுடுச்சு, தண்ணி மட்டும் வந்துடுச்சு' என்று சொல்லிவிடும். அதற்கு எனக்குப் பிடித்த வழி, நன்றாகத் துடைத்த காலி டம்ளரை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, ஃபேனை நிறுத்திவிட்டு மேஜையில் வைப்பது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனாலும் மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்து, கொஞ்ச நேரத்தில் துளித் துளியாக இறங்கும். டம்ளரை எடுப்பதற்கு முன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரையும் எழுத வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், எழுதாத பிள்ளை எல்லாம் முடிந்த பிறகு 'நான் அப்பவே நினைச்சேன்' என்று சொல்லும், தன் எண்ணம் மாறியது அதற்கே தெரியாது. ஒரு மாதம் கழித்து அதையே வேறு மாதிரி கேளுங்கள்: மழை நாளில் பஸ் கண்ணாடியின் உள்பக்கம் ஏன் மங்குகிறது? பழைய பதில் திரும்பி வரலாம், அது சகஜம், மறுபடி காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

நிலா தேய்வதற்கும் வளர்வதற்கும் பூமியின் நிழல்தான் காரணம் என்பது இன்னொரு தப்பான எண்ணம், பெரியவர்களிடமும் இருக்கிறது, கிரகணப் பாடம் இதோடு கலந்துவிடுகிறது. படம் வரைவதைவிட, வளர்பிறை அஷ்டமியை ஒட்டி ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே கூட்டிப்போங்கள். மேற்கே சூரியன், உச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே பாதி நிலா. ஒரு பந்தை நிலாவுக்கு நேராக, வெயில் படும்படி, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள் (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்). நிலாவில் எந்தப் பாதி வெளிச்சமோ, பந்திலும் அதே பாதி. இப்போது பூமி நடுவில் வந்து மறைக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறது என்ற எண்ணத்தை அசைக்க ஒரு தகவல் போதும். பூமி மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில், ஜூலையில் 15.2 கோடி. புத்தகப் படங்களில் பூமியின் பாதை ரொம்பவே நீண்டு தெரியும், உண்மையில் கிட்டத்தட்ட வட்டம்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்புறம், அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கொளுத்தும் வெயிலில் கிரிக்கெட் நடக்கிறதே, அது எப்படி என்று கேட்டுவிட்டு பூமியின் அச்சின் சாய்வுக்குப் போங்கள்.