லேப்டாப் மதர்போர்டை வீட்டிலேயே கழற்றி மாற்றுவது எப்படி?

மதர்போர்ட்தான் போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், அதை மாற்றுவது புதிதாகப் பழகுபவருக்கும் முடிகிற வேலைதான். ஸ்குரூ கழற்றுவது யாருக்கும் வரும். நல்ல போர்ட் பழுதாவது பெரும்பாலும் கனெக்டர்களை அவசரப்பட்டு இழுக்கும்போதுதான், அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

முதலில் சரியான போர்டைத் தேடுங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறீர்கள் என்றால், பிழையானது வந்து அதைத் திருப்பி அனுப்புவது பெரிய அலைச்சல். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள், ஒரே மாடலில் வேறு ப்ராசசர், தனி கிராபிக்ஸ் உள்ளது, இல்லாதது, ரேம் போர்டிலேயே ஒட்டியது என்று பல வகை வரும். பழைய போர்டில் உள்ள நம்பரைப் பார்த்து (லெனோவோவில் எஃப்ஆர்யு, டெல்லில் டிபி/என் என்று இருக்கும்) அதையே கேளுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிரைவில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. டிரைவ் பூட்டப்பட்டிருந்தால், புது போர்டில் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், ஏனென்றால் பழைய சாவி பழைய போர்டோடு கட்டப்பட்டது. லேப்டாப் உயிர் இல்லாமல் கிடந்தாலும் போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டாம்.

சரி, இனித் திறக்கலாம். சார்ஜரைக் கழற்றுங்கள், மெமரி கார்ட் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். சின்ன ஸ்குரூவின் துளையில் நீளமானதைப் பூட்டினால் அது உள்ளே போய் போர்டையே குத்திவிடும். மூடியை நெம்ப பழைய ஏடிஎம் கார்ட் போதும், இரும்பு எதுவும் வேண்டாம்.

திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டர். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்துக் கழற்றி, பிறகு பவர் பட்டனை 20 விநாடி அழுத்துங்கள். பேட்டரி ஊதியிருந்தால் அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் காற்று நன்றாக வறண்டுபோகும், உடம்பில் நிலைமின்சாரம் சேரும், அப்போது அதை வெளியேற்றக் கையில் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாயம்.

இனி கனெக்டர்கள். தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் கிட்ட நின்று போட்டோ எடுங்கள். பட்டையான ரிப்பன் வயர்களுக்கு ஒரு சின்னப் பூட்டு இருக்கும், சில மேலே கவிழும், சில வெளியே நழுவும், பூட்டைத் திறக்காமல் இழுத்தால் அது உடையும். திரைக்குப் போகும் வயர்தான் மிகவும் நுணுக்கமானது. அதைப் பெரும்பாலும் மேலே தூக்காமல் போர்டுக்குச் சமாந்தரமாக, அதில் ஒட்டியிருக்கும் நாடாவைப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். வைஃபை வயர்கள் நேராக மேலே வரும். கடற்கரைப் பக்க வீடுகளில் கனெக்டர் கால்களில் பச்சை பிடித்திருக்கலாம், ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

ஹீட் சிங்கில் (ப்ராசசரின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், கழற்றும்போது 4, 3, 2, 1 என்று வாருங்கள். பிறகு போர்டின் ஸ்குரூக்கள். டேப்புக்குக் கீழே ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். போர்ட் கிளம்ப மறுத்தால் எங்கோ ஒரு ஸ்குரூ அல்லது வயர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், பலம் காட்டாமல் தேடுங்கள். யுஎஸ்பி துளைகள் உள்ள பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தை முதலில் தூக்கி, சரித்து வெளியே எடுங்கள்.

புதியதைப் பூட்டும்போது எந்த வயரும் போர்டுக்குக் கீழே சிக்காமல் பாருங்கள். ப்ராசசரில் பழைய தெர்மல் பேஸ்டின் (சூட்டைக் கடத்தும் பசை) அடையாளம் இருந்தால் துடைத்து, நெல்மணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்கை எண் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பக்கத்துச் சில்லுகளில் இருந்த தெர்மல் பேடுகளை (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டுகள்) விட்டுவிட வேண்டாம். பேட்டரி கடைசியாகத்தான்.

மூடியைப் பூட்டுவதற்கு முன் சார்ஜரைச் செருகி ஓன் செய்யுங்கள். புது போர்ட் ரேமை அடையாளம் காண நேரம் எடுக்கும், ஓரிரு நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், பயந்து பட்டனை அழுத்தாதீர்கள். பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் ரேம், எஸ்எஸ்டி தெரிகிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்து, நேரத்தைத் திருத்துங்கள். விண்டோஸ் நீலத் திரையோடு நின்றால், ஸ்டோரேஜ் முறை பழைய போர்டில் இருந்த மாதிரி இருக்கிறதா என்று பயோஸில் பாருங்கள், அதில் உள்ள ரெய்ட், ஏஹெச்சிஐ என்ற இரண்டு முறைகளும் மாறிக் கிடப்பது அடிக்கடி நடக்கும். அப்புறம் ஆக்டிவேஷன் (விண்டோஸ் உரிமத்தை உறுதிப்படுத்துவது) கேட்டால் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே போய், செட்டிங்ஸில் உள்ள டிரபிள்ஷூட்டரில் ஹார்ட்வேர் மாற்றியதாகச் சொல்லிப் பாருங்கள்.