தடையாக நின்றது என் ராஜினாமாக் கடிதம்

2023-இல் எங்கள் சென்னை அலுவலகத்தில் ஆட்குறைப்பு தொடங்கியபோது, இழப்பீட்டுடன் விலகும் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு நான் அளித்த விண்ணப்பம், காரணம் எதுவும் குறிப்பிடப்படாமல் இரண்டு முறை திரும்பி வந்தது. மேலாளரின் பரிந்துரையும் மனிதவளத் துறைக்கு அனுப்பிய நினைவூட்டல்களும் பயன் தராமல் பதினோரு நாள்கள் வீணாயின. ஊதியச் சீட்டில், ராஜினாமா செய்தவர் விலகும்வரை பணியாற்ற வேண்டிய 'அறிவிப்புக் காலம்' என்ற வரி புதிதாகத் தென்பட்ட பிறகே, முதல் விண்ணப்பத்துடன் முறைக்காக இணைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை மென்பொருள் தனியே பதிவுசெய்து, என்னைச் சாதாரணமாக விலகுபவர் பட்டியலில் சேர்த்திருந்தது தெரிந்தது. அக்கடிதத்தை எழுத்துமூலம் திரும்பப் பெற்று, திட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் ஏற்கப்பட்டது, மனம் ஆறுதலடைந்தது. பத்தாண்டுப் பணி நிறைவடைந்திருந்ததால், வருமான வரிச் சட்டப் பிரிவு 10(10சி)-இன்படி இழப்பீட்டில் ரூ. 5 லட்சத்துக்கு வரிவிலக்கும் கிடைத்தது. வெறும் ராஜினாமாவுக்கு அது பொருந்தாது.