பண்ணையிலிருந்து வாராவாரம் வரும் காய்கறிப் பை வந்ததும் எதை முதலில் சமைப்பது?

தை மாதப் பையைத் திறந்தவுடன் கீரையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், மறுநாளே வாடிவிடும், அதனால் அன்றைக்கே கடைந்துவிடுங்கள். முள்ளங்கி இலையோடு வந்தால் இலையை உடனே நறுக்கித் தனியாக வையுங்கள், இல்லையென்றால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்துக்கொண்டு கிழங்கு தொளதொளவென்று ஆகிவிடும். அந்த இலையைத் தூக்கிப் போடாதீர்கள். ஊறவைத்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் அருமையான பொரியல். வாழைத்தண்டை நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது.

எனக்கு உயிர் பச்சை மொச்சைதான். உரித்த கொட்டையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதுதான் பிதுக்குப் பருப்பு. சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, தேங்காய், சோம்பு, மல்லி, மிளகாய் அரைத்து ஊற்றிக் குழம்பு வையுங்கள். தோல் இல்லாததால் சீக்கிரம் வெந்துவிடும், குக்கர் வேண்டாம், குழைந்துபோகும். சரி, பூசணி? முழுசாக இருந்தால் அவசரமே இல்லை, வாரக்கணக்கில் இருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.